திருவனந்தபுரம் பேரவையில் ஒரு தமிழ் உறுதிமொழி: 2021 மே 24ஆம் நாள் நடவடிக்கையும் சட்ட மொழிபெயர்ப்பும்

1. முன்னுரை

சட்டமியற்றும் அவைகளின் நடவடிக்கைகள் பெரும்பாலும் சொற்களால் நிகழ்பவை. அங்கே தீர்மானம் முன்மொழியப்படுகிறது, வழிமொழியப்படுகிறது, அவை ஏற்றதாக அறிவிக்கப்படுகிறது. ஒவ்வொன்றும் ஒரு கூற்று. ஒவ்வொரு கூற்றும் ஒரு செயல். ஆயினும் அவற்றுள் ஒரு கூற்று ஏனையவற்றுக்கு முற்பட்டது. அதனைச் சொல்லாதவர் அவையில் அமரவோ வாக்களிக்கவோ இயலாது. அதுவே உறுப்பினர் ஏற்கும் பதவியேற்பு உறுதிமொழி.

இவ்வுறுதிமொழியின் வாசகம் இந்திய அரசமைப்பின் மூன்றாம் அட்டவணையில் வரையறுக்கப்பட்டுள்ளது. அதனை உறுப்பினர் தம் தாய்மொழியில் சொல்லும்போது வரையறுத்த வாசகம் மொழிபெயர்ப்பாக மாறுகிறது. கதையிலோ கட்டுரையிலோ ஒரு வினையடை விடுபட்டால் மொழிபெயர்ப்பின் நயம் குறையும், அவ்வளவே. உறுதிமொழியில் அவ்வாறு விடுபட்டால் செயலே நிறைவேறாது போகலாம். கேரளச் சட்டப் பேரவையில் 2021 மே 24ஆம் நாள் ஏற்கப்பட்ட ஒரு தமிழ் உறுதிமொழிக்கு இதுவே நேர்ந்தது. அந்நிகழ்ச்சியின் வரலாற்றுப் பின்னணியையும், ஆங்கிலம், மலையாளம், தமிழ் ஆகிய மூன்று மொழிகளிலும் அவ்வாசகம் பெறும் இலக்கண வடிவத்தையும் ஒப்பிட்டு, சட்ட மொழிபெயர்ப்புக்கு அது தரும் பாடத்தை வரையறுக்க இக்கட்டுரை முற்படுகிறது.

2. திருவனந்தபுரத்து அவைகளும் தமிழும்

திருவிதாங்கூர் அரசர் ஸ்ரீமூலம் திருநாள் 1888 மார்ச் 30ஆம் நாள் பிறப்பித்த ஒழுங்குவிதியால் 8 உறுப்பினர் கொண்ட சட்ட மன்றம் அமைந்தது. அதன் முதற் கூட்டம் அவ்வாண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் நண்பகலில் திவானின் அறையில் நடைபெற்றது. இந்தியச் சமஸ்தானங்களில் இவ்வகை மன்றம் கண்டவற்றுள் திருவிதாங்கூர் மிக முற்பட்டது. 1904இல் ஸ்ரீமூலம் மக்கள் சபை தோன்றியது. அதன் 100 உறுப்பினர்கள் அவ்வாண்டு அக்டோபர் 22ஆம் நாள் விக்டோரியா ஜூபிலி நகர மண்டபத்தில் முதன்முறையாகக் கூடினர். 1932ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தால் ஸ்ரீமூலம் சபை, ஸ்ரீசித்திரா அரசு மன்றம் என ஈரவை முறை வந்தது.

இவ்வவைகள் கூடிய நகரம் ஒருமொழி நகரமன்று. 'மனோன்மணீயம்' நாடகத்தை 1891இல் வெளியிட்ட பெ. சுந்தரம் பிள்ளை திருவனந்தபுரம் மகாராசர் கல்லூரியில் பேராசிரியராக விளங்கியவர். சமஸ்தானத்தின் தென்கோடியிலிருந்த தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்களும், மலைக்குக் கிழக்கே செங்கோட்டையும் தமிழ் வழங்கும் பகுதிகள். மேற்குத் தொடர்ச்சி மலையின் தேயிலைத் தோட்டங்களால் தேவிகுளம், பீருமேடு வட்டங்களிலும் தமிழ் பேசுவோர் தொகை பெருகியது. எனவே திருவனந்தபுரத்தில் கூடிய அவை எதுவாயினும் தமிழரின் குறைகள் அதன் முன் வந்தே தீரவேண்டியிருந்தது.

1949 சூலை முதல் நாள் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. தென் வட்டங்களைத் தமிழகத்தோடு சேர்க்கவேண்டும் என்ற திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு, திருவிதாங்கூர்–கொச்சிச் சட்டப் பேரவையில் தனிக் கட்சியாக நின்றது. 1954 ஆகஸ்டு 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நிகழ்ந்த துப்பாக்கிச் சூடு அப்போராட்டத்தின் உச்சம். 1956 நவம்பர் முதல் நாள் மாநில மறுசீரமைப்பால் தென் வட்டங்கள் நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டையின் பெரும்பகுதி திருநெல்வேலி மாவட்டத்தோடு இணைந்தது. தேவிகுளமும் பீருமேடும் கேரளத்திலேயே நின்றன.

இம்மாற்றம் திருவனந்தபுரத்துப் பேரவையில் தமிழின் நிலையை மாற்றியது. சமஸ்தானத்தின் வழக்குமொழிகளுள் ஒன்றாக இருந்த தமிழ், ஒருமொழி மாநிலத்தின் சிறுபான்மை மொழியாயிற்று. 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டத்தின்படி ஆட்சிமொழிகள் மலையாளமும் ஆங்கிலமுமே. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. அவைக்குள் பேசும் மொழியை அரசமைப்பின் 210ஆம் உறுப்பு வரையறுக்கிறது. மாநில ஆட்சிமொழியிலோ, இந்தியிலோ, ஆங்கிலத்திலோ தம் கருத்தை நன்கு வெளியிட இயலாத உறுப்பினர் தாய்மொழியில் பேசப் பேரவைத் தலைவர் இசைவளிக்கலாம் என்பது அதன் கருத்து. அதாவது தமிழில் பேசுதல் உரிமையாக அன்றி இசைவாகவே அமைந்துள்ளது. பதவியேற்பின்போது மொழியைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு உறுப்பினர்க்கு உண்டு. அவ்வகையில் சிறுபான்மை மொழி அவையின் நடுவிடத்தில் முழுமையாக ஒலிக்கும் வேளை பதவியேற்பு வேளையே எனலாம்.

3. மே 24ஆம் நாளும் அதன் பின்விளைவும்

2021ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின் அமைந்த பதினைந்தாம் கேரளச் சட்டப் பேரவை மே 24ஆம் நாள் திங்கட்கிழமை முதன்முறையாகக் கூடியது. 140 இடங்கள் கொண்ட அப்பேரவையின் தற்காலிகத் தலைவராக பி. டி. ஏ. ரகீம் இருந்து உறுப்பினர்க்கு உறுதிமொழி செய்வித்தார். அன்று வர இயலாத மூவர் நீங்கலாக ஏனையோர் ஒருவர்பின் ஒருவராகப் பதவியேற்றனர். பெரும்பான்மையோர் மலையாளத்தில் உறுதிமொழி ஏற்றனர். ஆங்கிலத்தைத் தேர்ந்தவரும் உண்டு. மஞ்சேசுவரம் உறுப்பினர் ஏ. கே. எம். அஷ்ரப் கன்னடத்தில் ஏற்றார். தேவிகுளம் உறுப்பினர் அ. ராஜா தமிழில் ஏற்றார்.

1957இல் அமைந்த முதற் கேரளப் பேரவையின் தற்காலிகத் தலைவராக இருந்து ஏனையோர்க்கு உறுதிமொழி செய்வித்த ரோசம்மா புன்னூஸ் அவர்களும் தேவிகுளத்தின் உறுப்பினரே. அவ்வகையில் கேரளப் பேரவையின் உறுதிமொழி வரலாற்றில் இத்தொகுதி இருமுறை குறிக்கத்தக்க இடம் பெறுகிறது.

மறுநாள் மே 25இல் பேரவைத் தலைவர் தேர்தல் நடைபெற்றது. எம். பி. ராஜேஷ் 96 வாக்குகளும் பி. சி. விஷ்ணுநாத் 40 வாக்குகளும் பெற்றனர். மே 28இல் ஆளுநர் உரையும் தொடர்ந்து அதன்மீதான விவாதமும் நிகழ்ந்தன. இதற்கிடையில் தேவிகுளம் உறுப்பினர் ஏற்ற உறுதிமொழியில் ஒரு குறை கண்டறியப்பட்டது. 'கடவுளின் பெயரால்' என்ற தொடரும் அதில் இல்லை. அதற்கு மாற்றாக வரவேண்டிய, மலையாளத்தில் 'ஸகௌரவம்' எனப்படும் அடையும் இல்லை. தமிழ் மொழிபெயர்ப்பில் நேர்ந்த விடுபாடே இதற்குக் காரணம் என அப்போது அறியவந்தது. சூன் 2ஆம் நாள் அவர் பேரவைத் தலைவர் முன் மீண்டும் உறுதிமொழி ஏற்றார்.

சிக்கல் அத்துடன் முடியவில்லை. முறையான உறுதிமொழி இன்றி அவையில் அமர்ந்த நாள்கள் குறித்தும், தலைவர் தேர்தலில் அளித்த வாக்குக் குறித்தும் எதிர்க்கட்சியினர் வினா எழுப்பினர். அரசமைப்பின் 188ஆம் உறுப்பு, மூன்றாம் அட்டவணையில் தரப்பட்ட வடிவத்திற்கேற்ப உறுதிமொழி ஏற்ற பின்னரே உறுப்பினர் அமரவேண்டும் என்கிறது. அவ்வாறன்றி அமர்ந்தோ வாக்களித்தோ இருப்பின் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் தண்டம் என்பது 193ஆம் உறுப்பு. உரிமையற்றவர் எவரேனும் அமர்ந்திருந்தமை பின்னர் தெரியவந்தாலும் அவையின் நடவடிக்கை செல்லும் என்பது 189ஆம் உறுப்பின் இரண்டாம் கூறு. பேரவைத் தலைவரின் தீர்ப்பின்படி, அளித்த வாக்கால் தேர்தலுக்கு ஊறு இல்லை. ஆயின் 5 நாள்களுக்கு 2,500 ரூபாய் தண்டம் செலுத்தவேண்டும்.

தொகை சிறிது. எனினும் ஒரு வினையடை விடுபட்டமைக்காக உறுப்பினர் ஒருவர் ஐந்து நாள் அவையின் உறுப்பினராக அமரும் தகுதி இன்றி இருந்தார் எனச் சட்டம் கொண்டது என்பது மொழியியலார் கருத்தில் கொள்ளவேண்டிய செய்தி.

4. மூல வாசகத்தின் வரலாறு

விடுபட்டது அணியன்று, வாசகத்தின் உறுப்பு என்பதை உணர அதன் வரலாற்றை நோக்கவேண்டும். ஆங்கில வழக்கில் ஆணையிடுதல் தொடக்கத்தில் கடவுளை அழைப்பதாகவே இருந்தது. ஆணையிடுதல் சமயத்திற்கு முரண் எனக் கருதிய குவேக்கர் பிரிவினர்க்காக 1695ஆம் ஆண்டுச் சட்டம் கடவுள்மீது ஆணையிடுதலுக்கு மாற்றாக உறுதிமொழியை ஏற்றுக்கொண்டது. இறைமறுப்பாளரான சார்லஸ் பிராட்லா 1880இல் நார்தாம்டன் தொகுதியில் வென்று, ஆணையிடாமல் உறுதிமொழி ஏற்க இசைவு கோரியபோது பிரித்தானிய மக்களவை மறுத்தது. நீண்ட போராட்டத்திற்குப் பின் 1886இல்தான் அவர் தடையின்றி அமர்ந்தார். அவர் முயற்சியால் நிறைவேறிய ஆணைகள் சட்டம் 1888ஆம் ஆண்டினது. திருவிதாங்கூர்ச் சட்ட மன்றம் பிறந்ததும் அதே ஆண்டு.

இந்திய அரசியல் நிர்ணய சபையில் குடியரசுத் தலைவரின் உறுதிமொழி 1948 டிசம்பர் 27ஆம் நாள் விவாதிக்கப்பட்டது. வரைவில் கடவுளின் பெயர் இல்லை. எச். வி. காமத், மகாவீர் தியாகி ஆகியோர் அதனைச் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தனர். நம்புவோர் கடவுளின் பெயரால் ஆணையிடலாம், ஏனையோர் உறுதி கூறலாம் என்ற அமைப்பு நிலைபெற்றது. அச்சில் இரு தொடர்களும் ஒரு கோட்டின் மேலும் கீழுமாக அமைந்தன. இதே அமைப்பு மூன்றாம் அட்டவணையிலும் காணப்படுகிறது. 1963ஆம் ஆண்டின் பதினாறாம் திருத்தம் இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்னும் வாசகத்தைச் சேர்த்தது. அக்காலத்துத் திராவிட நாட்டுக் கோரிக்கை அதன் பின்னணியில் இருந்தது. இலங்கையிலும் 1983ஆம் ஆண்டின் ஆறாம் திருத்தம் பிரிவினைக்கு எதிரான உறுதிமொழியைக் கட்டாயமாக்கியபோது தமிழர் விடுதலைக் கூட்டணி அதனை ஏற்க மறுத்தது. உறுதிமொழியின் ஒவ்வொரு தொடரும் ஓர் அரசியல் வழக்கின் தீர்வாக வாசகத்தில் ஏறியது என்பதனை இவை காட்டுகின்றன.

கோட்டின் மேலும் கீழும் நிற்கும் இரு தொடர்களும் அவ்வாறே. கடவுளைச் சொல்லாதவர் எதனைச் சொல்லவேண்டும் என்பதே அவற்றுள் பொதிந்த வழக்கு. கடவுளின் பெயர் நீங்கிய இடத்தை வெறுமையாக விடாமல், கூற்றின் முறைமையை உணர்த்தும் ஓர் அடை நிரப்புகிறது. இரண்டும் இல்லாத மூன்றாம் வடிவம் ஒன்று வாசகத்தில் இல்லை.

5. மூன்று மொழிகளில் ஒரு தொடர்

5.1 ஆங்கிலம்

ஆங்கில வாசகத்தில் இரு தேர்வுகளும் இரண்டு வகையில் வேறுபடுகின்றன. வினை வேறு: ஒன்று ஆணையிடுதலைக் குறிக்கும் வினை, மற்றொன்று உறுதி கூறுதலைக் குறிக்கும் வினை. அடையும் வேறு: ஒன்றில் 'கடவுளின் பெயரில்' என்னும் பொருளுடைய தொடர், மற்றொன்றில் முறைமை உணர்த்தும் வினையடை. எனவே அடை விடுபட்டாலும் உறுப்பினர் எதனைத் தேர்ந்தார் என்பதை வினையே காட்டிவிடும். மேலும், தேர்வு வாக்கியத்தின் தொடக்கத்தில், பெயரை அடுத்து வந்துவிடுகிறது. எவற்றுக்கு உறுதி என்பது பின்னரே வரும்.

5.2 மலையாளம்

மலையாளத்தில் வினை இறுதியில் நிற்கும். 'தைவநாமத்தில் ஸத்யப்ரதிஜ்ஞ செய்யுந்நு' என்பது ஒரு தேர்வு. 'ஸகௌரவம்' என்ற அடையோடு ப்ரதிஜ்ஞ செய்தல் மற்றொரு தேர்வு; இதனை 'த்ருடப்ரதிஜ்ஞ' எனக் கூறும் வழக்கும் உண்டு. முதல் தேர்வில் 'ஸத்ய' என்னும் முன்னொட்டு நிற்க, இரண்டாவதில் அது நீங்குகிறது. ஆகவே அடையோடு பெயர்ச்சொல்லும் வேறுபடுகிறது. ஆங்கிலத்தைப் போன்றே இங்கும் வேறுபாடு ஈரிடத்தில் குறிக்கப்படுகிறது எனலாம்.

5.3 தமிழ்

தமிழ்நாட்டு அவைகளில் பழகிவிட்ட தொடர் 'உளமார உறுதி கூறுகிறேன்' என்பது. இறைநம்பிக்கையை வெளிப்படுத்த விரும்புவோர் 'கடவுள் அறிய உறுதி கூறுகிறேன்' என்பது போன்ற தொடரைக் கையாள்வர். இவ்விணையில் 'உறுதி கூறுகிறேன்' இரண்டிற்கும் பொது. தேர்வின் சுமை முழுவதும் 'கடவுள் அறிய', 'உளமார' என்னும் இரு தொடர்களின் மீதே விழுகிறது.

இவற்றின் இலக்கண வடிவம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. 'கடவுள் அறிய' என்பதில் 'அறிய' செயவென் எச்சம். அதன் எழுவாய் கடவுள். 'உளமார' என்பது 'உளம் ஆர' எனப் பிரியும். 'ஆர' என்பதும் செயவென் எச்சமே. அதன் எழுவாய் உளம். இரண்டிலும் எச்சத்தின் எழுவாய் வேறு. முற்றின் எழுவாய் வேறு. உறுதி கூறுபவர் 'நான்'. அவ்வுறுதிக்குச் சான்றாக நிற்பது ஒன்றில் கடவுள், மற்றொன்றில் உளம். ஆங்கிலத்தில் இரு வேறு செயல்களாக இருந்தவை தமிழில் ஒரே செயலாகி, சான்று மட்டும் மாறுகிறது. ஒத்த வடிவுடைய இவ்விணை தமிழ் மொழிபெயர்ப்பின் செப்பத்தைக் காட்டுகிறது. ஆயின் இச்செப்பமே இடரும் ஆகிறது.

எச்சம் தொடரின் கட்டாய உறுப்பன்று. 'உறுதி கூறுகிறேன்' என்பது எழுவாயும் செயப்படுபொருளும் முற்றும் பெற்று நிறைந்த வாக்கியம். அதிலிருந்து 'உளமார' நீங்கினும் படிப்பவர் நா இடறுவதில்லை. கேட்பவர் செவி குறை உணர்வதில்லை. 'என்றும்', 'என்றும்' என அடுக்கிவரும் மூன்று நீண்ட கிளவியங்களைக் கடந்து, முற்றை நோக்கி விரையும் இடத்தில் இவ்வடை நிற்கிறது என்பதும் கருதத்தக்கது. ஆங்கில வாசகத்தில் முதலில் வரும் தேர்வு, தமிழில் எல்லாம் சொல்லி முடிந்தபின் வருகிறது. மொழிபெயர்ப்பாளர் விடுத்தாலும், எழுத்தர் விடுத்தாலும், படிப்பவர் விடுத்தாலும் இலக்கணம் அதனைத் தடுக்காது.

சுருங்கக் கூறின், ஆங்கிலமும் மலையாளமும் ஈரிடத்தில் குறிக்கும் வேறுபாட்டைத் தமிழ் ஓரிடத்தில் குறிக்கிறது. அவ்வோரிடமும் இலக்கணத்தால் விலக்கத்தக்க இடம். எனவே தமிழில் விடுபாடு நேர்ந்தால் வேறுபாடு முழுவதும் அழிகிறது.

6. சொல்லும் செயலும்

சொல்லுதலே செயலாக அமையும் கூற்றுகளை முதன்முதல் விரிவாக ஆராய்ந்தவர் ஜே. எல். ஆஸ்டின். ஹார்வர்டில் 1955இல் அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் 1962இல் நூலாயின. இத்தகைய கூற்றை மெய், பொய் என மதிப்பிட இயலாது. நிறைவேறியது, நிறைவேறாதது என்றே மதிப்பிடவேண்டும் என்பது அவர் கொள்கை. வகுக்கப்பட்ட முறை ஒன்று இருத்தல், உரியவர் அதனைச் செய்தல், பிழையின்றிச் செய்தல், முழுமையாகச் செய்தல் ஆகியவை நிறைவேற்றத்திற்கு வேண்டிய நிபந்தனைகள். இவற்றுள் ஒன்று தவறினும் செயல் நிகழவில்லை என்றே கொள்ளவேண்டும். மனத்தில் நோக்கமின்றிச் சொல்லுதல் வேறு வகைக் குறை. அங்கே செயல் நிகழ்ந்துவிடுகிறது, ஆயின் போலியாக நிகழ்கிறது. யூரிப்பிடீசின் நாடகத்தில் நாவே ஆணையிட்டது, உள்ளம் ஆணையிடவில்லை என வாதிடும் இப்போலித்தசை ஆஸ்டின் சுட்டி, அத்தகைய வாதம் வாக்கின் பொறுப்பிலிருந்து தப்பும் வழியாகிவிடும் எனக் கண்டித்தார்.

இவ்வகைப்பாட்டின்படி மே 24ஆம் நாள் நேர்ந்தது உள்ளக் குறையன்று; முழுமைக் குறை. உறுப்பினரின் நோக்கத்தை எவரும் ஐயுறவில்லை. முறையின் ஒரு கூறு ஒலிக்கவில்லை. அதனால் செயல் நிறைவுறவில்லை. ஈண்டு ஒரு முரண் தோன்றுகிறது. விடுபட்ட சொல்லின் தமிழ் வடிவமோ உள்ளத்தைச் சுட்டுவது. ஆங்கில வினையடை புறத்தே காணும் சடங்கு முறைமையைக் குறிக்கிறது. மலையாளத்து 'ஸகௌரவம்' கூற்றின் கனத்தைக் குறிக்கிறது. தமிழ் 'உளமார' அகத்தின் நிறைவைக் குறிக்கிறது. புறமுறை அகநிறைவாகப் பெயர்ந்தது அழகிய பெயர்ப்பே. ஆனால் சட்டம் நாடுவது உளம் நிறைந்ததா என்பதை அன்று. 'உளமார' என்ற சொல் ஒலித்ததா என்பதையே.

இதனைக் கேரளத்திலேயே முன்னர் நிகழ்ந்த வழக்கொன்று உறுதிப்படுத்துகிறது. 2001இல் அமைந்த பதினோராம் பேரவையில் கொடுங்கல்லூர் உறுப்பினர் ஸ்ரீநாராயண குருவின் பெயரால் உறுதிமொழி ஏற்றார். அது மூன்றாம் அட்டவணையின் வடிவத்திற்கு ஒத்ததன்று எனக் கேரள உயர்நீதிமன்றம் 2003இல் தீர்ப்பளித்தது. ஆங்கே இடம் வேறொன்றால் நிரப்பப்பட்டது. இங்கே இடம் வெறுமையாக விடப்பட்டது. இரண்டும் வடிவத்தின் பிறழ்ச்சியே.

பிற நாட்டிலும் ஒப்புமை உண்டு. 2009 சனவரி 20ஆம் நாள் பராக் ஒபாமா அமெரிக்கக் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றபோது, தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் சொல்லிக்கொடுத்த வாசகத்தில் 'உண்மையாக' என்னும் பொருளுடைய வினையடை தன் இடத்தினின்று பெயர்ந்து இறுதிக்குச் சென்றது. சொல் விடுபடவில்லை, வரிசை மட்டுமே மாறியது. ஆயினும் மறுநாள் வெள்ளை மாளிகையில் உறுதிமொழி மீண்டும் ஏற்கப்பட்டது. தாய்மொழியில், மூல வாசகத்திலேயே, மனப்பாடமாகச் சொல்லும்போதும் வினையடை நழுவக்கூடியது என்றால், மொழிபெயர்ப்பில் அது நழுவுவது வியப்பன்று.

7. உடன்பிறந்த மொழிகளின் இடர்

தமிழ் வாசகம் திருவனந்தபுரத்தில் தயாராகும்போது அதன் அருகே மலையாள வாசகமும் இருக்கும். இரண்டும் நெருங்கிய உறவுடைய மொழிகள். பொதுச் சொற்கள் மிகுதி. அம்மிகுதி உதவுவது போலவே மயக்கவும் வல்லது.

மலையாளத்தில் 'கௌரவம்' பெரும்பாலும் கனம், தீவிரம் என்னும் பொருளில் வழங்கும். 'குரு' என்னும் வடசொல்லின் எடைப்பொருள் அங்கே நிலைத்துள்ளது. தமிழில் 'கௌரவம்' என்றால் மதிப்பு, மானம். 'ஸகௌரவம்' என்பதைத் தமிழர் ஒருவர் கண்டால் 'மதிப்போடு' என்றே கொள்வார். அவ்வாறு பெயர்த்தால் வாசகம் பிறழும். பொருந்தாதென ஒதுக்கினால் இடம் வெறுமையாகும். அரசமைப்பின்பால் கொள்ளவேண்டிய பற்றைக் கூறும் மலையாளத் தொடர் 'விஸ்வாசவும் கூறும்' என்பது. அங்கே 'விஸ்வாசம்' நம்பிக்கை, 'கூறு' பற்றுறுதி. தமிழ் வழக்கில் 'விசுவாசம்' பெரும்பாலும் நன்றியோடு கூடிய பற்று. கிறித்தவ வழக்கில் மட்டும் சமய நம்பிக்கை. 'கூறு' தமிழில் பகுதி. ஒலியால் ஒத்த இருசொற்களும் பொருளால் இடம் மாறி நிற்கின்றன.

'ஆணை'யும் இத்தகையதே. மலையாளத்தில் 'ஆண' சூளுரையைக் குறிக்கும். தமிழில் 'ஆணையிடுதல்' சூளுரைத்தலையும் கட்டளையிடுதலையும் ஒருங்கே குறிக்கும். இன்றைய ஆட்சித் தமிழில் 'அரசாணை' போன்ற வழக்கால் கட்டளைப் பொருளே மேலோங்கியது. பழந்தமிழில் சூள், வஞ்சினம் என்னும் சொற்கள் இருந்தன. புறநானூற்று 72ஆம் பாட்டில் பாண்டியன் நெடுஞ்செழியன் கூறும் வஞ்சினம், சொன்னது செய்யாவிடின் தனக்கு இன்னின்ன கேடு வருக என்னும் அமைப்புடையது. அங்கே வாக்கின் வலிமை தன்மேல் ஏற்றுக்கொள்ளும் பழியில் இருக்கிறது. சான்றை அழைப்பதில் அன்று. எனவே அரசமைப்பின் உறுதிமொழிக்குப் பழஞ்சொல் எதுவும் நேராகப் பொருந்தவில்லை. 'உறுதி' என்னும் பொதுச்சொல் தேர்ந்துகொள்ளப்பட்டது. வேறுபாட்டை அடைகள் சுமக்க நேர்ந்தது.

எழுத்திலும் ஓர் இடர் உண்டு. 'உளமார' என்பது இடையின ரகரத்தால் எழுதவேண்டியது. வல்லின றகரம் இட்டு 'உளமாற' என எழுதினால் உளம் மாறுதல் என்னும் எதிர்ப்பொருள் தோன்றும். தமிழகத்தின் பெரும்பாலான வட்டார வழக்குகளில் உயிரிடை ரகர றகரங்கள் ஒலிப்பில் ஒன்றாகிவிட்டதால் இப்பிழை எளிதில் நேர்கிறது. குமரி மாவட்டத் தமிழிலும் மலையாளத்திலும் இவ்வேறுபாடு இன்றும் தெளிவாக ஒலிக்கிறது. சென்னையில் செவிக்குத் தெரியாத பிழை திருவனந்தபுரத்தில் தெரிந்துவிடும் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு.

ஒன்று, செயலாகும் கூற்றை மொழிபெயர்க்கும்போது பொருள் வந்துவிட்டதா என்பதோடு ஆய்வு நின்றுவிடலாகாது. மூலத்தின் எந்தெந்தக் கூறு சட்ட விளைவு உடையது என வரையறுத்து, அவை ஒவ்வொன்றும் இலக்கு வாசகத்தில் எங்கே நிற்கின்றன என எண்ணிப் பார்க்கவேண்டும்.

இரண்டு, இலக்கு மொழியில் அக்கூறு எச்சமாகவோ அடையாகவோ அமையுமாயின் அது விலகக்கூடிய இடம் என்பதை முன்னரே உணரவேண்டும். தமிழில் இரு தேர்வுகளுக்கும் இரு வேறு முற்றுகளை அமைப்பது ஒரு தீர்வு. கடவுளை முன்னிறுத்துவோர்க்கு 'ஆணையிட்டு உரைக்கிறேன்' என்பது போன்ற முற்றும், ஏனையோர்க்கு 'உறுதி கூறுகிறேன்' என்பதும் அமையின், அடை விடுபட்டாலும் தேர்வு அழியாது.

மூன்று, கோட்டின் மேலும் கீழும் இரு தேர்வுகளைக் காட்டும் அச்சுமுறை வினை முதலில் வரும் மொழிக்கு ஏற்றது. வினை இறுதியில் வரும் மொழிகளில் இரண்டு முழு வாசகங்களைத் தனித்தனியே அச்சிட்டு, உறுப்பினர் தேர்ந்ததை மட்டும் அவர் கையில் தருதல் நன்று.

நான்கு, பெயர்க்கப்பட்ட வாசகத்தை அவ்வாசகத்தை முன்பின் அறியாத ஒருவரைக்கொண்டு மூலமொழிக்கு மீளப் பெயர்த்து ஒப்பிடவேண்டும். செவி உணராத விடுபாட்டை அம்முறை உடனே காட்டிவிடும்.

ஐந்து, ஒரு மொழியில் பதவியேற்க இடமளிக்கும் அவை, அம்மொழியில் செம்மையான வாசகத்தையும் அதனைக் கேட்டுச் சரிபார்க்க வல்லாரையும் அளிக்கக் கடமைப்பட்டது. சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் தமிழ் நான்கு அவைமொழிகளுள் ஒன்று. இலங்கையில் அது ஆட்சிமொழி. அங்கெல்லாம் தமிழ் வாசகம் அரசின் வாசகமாகவே நிலைபெற்றுள்ளது. சிறுபான்மை மொழியாக நிற்கும் இடத்தில் அவ்வாசகம் தேவை எழுந்தபோது மட்டும் தயாராகிறது. அங்ஙனம் தயாராகும் வாசகத்தின் குறைக்கு அதனைப் படித்த உறுப்பினரே தண்டம் செலுத்த நேர்ந்தது. மலையாளத்தில் உறுதிமொழி ஏற்றவர் எவரும் இவ்வகை இடரை எதிர்நோக்கவில்லை. தாய்மொழியைத் தேர்ந்தவர் கூடுதல் இடரைச் சுமக்க வேண்டியிருப்பின், அத்தேர்வு முழு உரிமையாகாது.

சுந்தரம் பிள்ளை வாழ்ந்த நகரில், தென் வட்டத்தாரின் வழக்குகள் பல்லாண்டு ஒலித்த அவைகளின் வழித்தோன்றலான பேரவையில், தமிழ் இன்னும் சிலரேனும் தேர்ந்துகொள்ளும் மொழியாக நிற்கிறது. அவர்கள் கையில் தரப்படும் தாளில் ஒரு சொல்லும் குறையாதிருக்கச் செய்தல் மொழிபெயர்ப்பாளர் பணி; எந்தச் சொல் குறைந்தால் எவரும் அறியமாட்டார் என முன்கூட்டியே சுட்டுதல் மொழியியலார் பணி.